கழுத்துல 27 கிலோ!

காப்பி டம்ளரைத் தூக்கினேன். தூக்கினேன் என்பதுகூடத் தப்பு... தூக்கப் பார்த்தேன். கட்டைவிரலின் அடியில் சுரீரென்று ஒரு ஷாக். டம்ளர் தரையில், காப்பி வேட்டியில்!

2020-ல் ஊரடங்கு வந்ததும், வெளியூரில் பிழைத்துக்கொண்டிருந்த பயல்கள் எல்லாம் லேப்டாப்பும் பையுமாகக் கல்லிடைக்குறிச்சிக்கு வந்து இறங்கினோம். பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அடியேனும் அதில் ஒருவன். உட்கார ஊஞ்சல், மடியில் லேப்டாப், எட்டிய தூரத்தில் தாமிரபரணி. 'கொடுத்து வச்சவன்டா!' என்று சென்னை நண்பர்களுக்கு வயிறு எரிந்தது. எரிந்தது அவர்கள் வயிறு. வலித்தது என் கழுத்து!

எதிர்வீட்டு ஆச்சி அப்பளம் இடுகிறவர். நம்ம ஊர் அப்பளத்தின் பெருமை உங்களுக்குத் தெரியாததா? பலகையும் குழவியுமாகக் குனிந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னல அய்யா, கழுத்தைத் தொங்கப் போட்டுட்டு நிக்கே?"

"வலிக்கு ஆச்சி."

"நாப்பது வருசமா குனிஞ்சு இடுதேன், எனக்குந்தான் வலிக்கு. ஆனா ஒரு ஈடு முடிஞ்சா எந்திரிச்சுக் காயப்போடப் போயிருவேன். நீ காலையில உக்காந்தா ராத்திரிதானல எந்திரிக்கே?"

ஆச்சி சொன்னதையேதான், ஃபீஸ் வாங்கிக்கொண்டு, அம்பாசமுத்திரம் எலும்பு டாக்டரும் சொன்னார்!

தசை சுருங்கி விரிந்தால்தான் அதற்குள் ரத்தம் நன்றாக ஓடும். அசையாமல் இறுக்கிப் பிடித்தே வைத்திருந்தால் சீக்கிரம் களைத்து வலிக்க ஆரம்பிக்கும். கட்டைவிரலின் தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்த உறை தடித்துக்கொள்ளும். 1895-ல் டி குவெர்வெய்ன் என்ற சுவிஸ் சர்ஜன் விவரித்த கோளாறு. கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி வைக்கும் தாய்மார்களுக்கு நிறைய வரும். எனக்கு? செல்போன் என்ற குழந்தையைத் தாலாட்டியதால்!

தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. செல்போனைப் பார்க்க 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் இறங்கும் பாரம் 27 கிலோ என்று 2014-ல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற நியூயார்க் டாக்டர் கணக்குப் போட்டார். (கணக்குதான், தராசில் நிறுத்ததல்ல.) ஒரு சிப்பம் அரிசியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ரீல்ஸ் பார்க்கிறோம் ஐயா!

கம்ப்யூட்டரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. 1713-லேயே இத்தாலி டாக்டர் ரமாஸினி குமாஸ்தாக்களின் நோய்க்கு மூன்று காரணம் எழுதி வைத்துவிட்டார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி அசைப்பது, தப்பு வந்துவிடுமோ என்ற மன இறுக்கம். மூன்றாவதுதான் என்னைத் தொட்டது. மார்ச் மாசக் கடைசியில் வலி ஏன் கூடுகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

1980-களில் ஆஸ்திரேலியாவில் கீபோர்டு ஊழியர்கள் கும்பல் கும்பலாகக் கைவலி என்று புகார் செய்தார்கள். 'கங்காருக் கை' என்று கேலி செய்தவர்களும் உண்டு. (ஆஸ்திரேலியா என்றால் கல்லிடைக்காரனுக்கு வேறொரு ஞாபகம். 1982-ல் குலசேகரமுடையார் கோயிலிலிருந்து களவு போய், அடிலெய்டு மியூசியத்திலிருந்து 2019-ல் திரும்பி வந்த நம்ம நடராஜர். அவருக்கு இந்த வியாதி வராது. ஆடிக்கொண்டே இருப்பவர்!)

கேலி இங்கேயும் உண்டு. "டைப் அடிக்கிறதுக்கெல்லாமா சார் வலிக்கும்?" என்று என் மேனேஜர் போனில் சிரித்தார். எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியவில்லை. லீவு கேட்கவே கூசியது. எத்தனை பேர் இப்படி வாயை மூடிக்கொண்டு வலியைத் தின்கிறார்களோ! கடைகளில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. நல்ல காரியம். எங்களுக்கு எழுந்திருக்க ஒரு சட்டம் போட்டால் தேவலை!

அதுவரை நாமே செய்துகொள்ள வேண்டியது:

* லேப்டாப்பைப் பழைய புத்தகங்கள் மேல் ஏற்றுங்கள். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை தூரத்தில் இருக்கட்டும். கீபோர்டு தனியாக. (என் அக்கவுன்டன்ஸி புத்தகம் கடைசியில் இதற்குத்தான் உதவியது.)

* பாதம் தரையில் படியட்டும். தோள் தளரட்டும். செல்போன் முகத்துக்கு வரட்டும். முகம் செல்போனுக்குப் போக வேண்டாம்.

* அரை மணிக்கு ஒரு தரம் எழுந்திருங்கள். எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் ஆணி அடித்த மாதிரி இருந்தால் வலிக்கும். மேஜையில் தண்ணீர்க் குடத்தை வைக்காதீர்கள். சின்ன டம்ளர் போதும். தீரத்தீர எழுந்துதானே ஆகவேண்டும்!

* வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேக நடை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன குறைந்தபட்சக் கணக்கு இது.

விரல் மரத்துப் போனாலோ, பிடி நழுவினாலோ, கழுத்து வலி கைக்கு இறங்கினாலோ தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உடனே டாக்டர். நான் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். அதனால்தான் ஆறு வாரம் ஸ்ப்ளின்ட் மாட்டிக்கொண்டு இடது கையால் சாப்பிட்டேன்.

இப்போது கம்பெனி வேலை இல்லை, எழுத்து வேலை. இந்தக் கட்டுரைக்குள்ளேயே நான்கு தடவை எழுந்தாயிற்று. செல்போனில் அலாரம் வைத்திருக்கிறேனா? எதற்கு? எதிர்வீட்டிலிருந்து குரல் வருகிறதே...

"ஏல, ஈடு முடிஞ்சாச்சு! எந்திரில!"

காப்பி டம்ளரோடு எழுகிறேன். வேட்டி இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது!