இந்த மருந்து வேலை செய்கிறதா? ஏ.எல்.எஸ். சொல்லும் பாடம்

மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்துகொண்டு தசைகளை அசைய வைக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிவதே இயக்க நரம்பணு நோய். கை தளரும், பேச்சு குழறும், விழுங்க முடியாமல் போகும், கடைசியில் மூச்சுத் தசைகளும் ஓயும். இதன் முதன்மை வகையான ஏ.எல்.எஸ். வந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள். 1995இல் அமெரிக்கா அனுமதித்த ரிலுசோல் ஆயுளைச் சில மாதங்களே நீட்டித்தது. இப்படிப்பட்ட நோய்க்குப் புது மருந்து ஒன்று தென்பட்டால், முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அண்மையில் வந்த இரண்டு மருந்துகள் அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்தன.

ரெலிவ்ரியோ, அணுக்களுக்குள் பொதுவாக ஏற்படும் நெருக்கடியைத் தணிக்க முயன்ற மருந்து. 137 பேரிடம் நடந்த சோதனை நம்பிக்கை தந்ததால் 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஓராண்டு விலை சுமார் 1,58,000 டாலர். 664 பேரிடம் நடந்த பெரிய சோதனையிலோ அது போலி மருந்தை மிஞ்சவில்லை. 2024இல் நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. டோஃபர்சென் கதை நேர்மாறானது. எஸ்.ஓ.டி.1 மரபணுவில் பிழை உள்ளவர்களுக்கென்றே உருவான அது, நச்சாகும் புரதம் உற்பத்தியாவதைத் தடுக்கிறது. 108 பேரிடம் 28 வாரம் நடந்த சோதனையில் உடல் இயக்கத்தில் தெளிவான பலன் தெரியவில்லை. ஆனால் நரம்பணு சிதையும்போது கசியும் நியூரோஃபிலமென்ட் புரதம் இரத்தத்தில் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அந்தச் சாட்சியை ஏற்று 2023இல் அமெரிக்கா நிபந்தனையுடன் அனுமதி தந்தது. ஒரு மருந்து எதைத் தாக்குகிறது, தாக்கியதை எதைக் கொண்டு அளப்பது என்ற இரண்டும் தெளிவானால் சிறிய சோதனைகூடப் பேசும் என்பதே இதன் பொருள்.

எஸ்.ஓ.டி.1 பிழை உள்ளவர்கள் நோயாளிகளில் சுமார் 2 சதவீதம்தானே, மற்றவர்களுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஏறக்குறைய எல்லா நோயாளிகளின் நரம்பணுக்களிலும் டி.டி.பி.-43 என்ற புரதம் இடம் மாறித் திரண்டு கிடப்பது 2006 முதல் தெரியும். அங்கே குறிவைக்கவும் இதே பாதைதான் உதவும். நியூரோஃபிலமென்ட் குறைந்தால் ஆயுள் கூடும் என்பது உறுதியா என்ற ஐயமும் சரியானதே; அதற்காகத்தான் அனுமதியில் நிபந்தனை. சாகப்போகிறவரைக் காத்திருக்கச் சொல்வது கொடுமை என்பது மிகக் கனமான மறுப்பு. ஆனால் வேலை செய்யாத மருந்தும் அவருடைய மாதங்களையும் குடும்பத்தின் சேமிப்பையும் விழுங்கும். ஆகவே சோதனையைக் கைவிடாமல் அதன் சுமையைக் குறைக்க வேண்டும். 2020இல் பாஸ்டனில் தொடங்கிய ஹீலி சோதனையில் பல மருந்துகளுக்கும் ஒரே ஒப்பீட்டுக் குழு. நால்வரில் மூவருக்கு உண்மையான மருந்து கிடைக்கிறது. நோயாளியின் அவசரமும் அறிவியலின் நிதானமும் ஒத்துப்போக முடியும் என்பதற்கு அந்த ஏற்பாடே சான்று.