பிறந்தநாள் சொல்லாத வயது

ஐரோப்பாவின் பெரிய கால்பந்து கிளப் ஏதாவது ஒன்றின், 14 வயதுக்கு உட்பட்டோர் அணிப் படத்தை எடுத்துப் பாருங்கள். பின்வரிசையில் நிற்கிறவனுக்கு மீசை அரும்பியிருக்கும், தோள் அகன்றிருக்கும். முன்வரிசையில் பந்தோடு உட்கார்ந்திருப்பவனுக்கோ அணிச்சட்டை தொளதொளவென்று முழங்கை வரை தொங்கும். அண்ணன், தம்பி என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் இருவரும் ஒரே வகுப்பு மாணவர்களாக இருப்பார்கள். பிறந்த தேதிகளுக்கு நடுவே சில வாரம்தான் வித்தியாசம் என்றுகூட இருக்கும்.

பந்து இருவரிடமும் ஒரே மாதிரிதான் வருகிறது. ஓட்டத்தில் பெரியவன் நாலு எட்டில் முந்திவிடுவான். தோளோடு தோள் மோதினால் சின்னவன்தான் புல்லில் கிடப்பான். அதனால் வெகுகாலம் பயிற்சியாளர்கள் பெரிய பையன்களையே பொறுக்கி எடுத்தார்கள். சின்னவர்களை, உயரம் போதாது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் அந்துவான் கிரீஸ்மன். 1991இல் பிரான்சின் மாகோன் என்ற ஊரில் பிறந்தவர். சிறிய உடல் என்ற காரணத்துக்காகப் பிரெஞ்சு கிளப்புகள் பல அவரை வேண்டாம் என்றன. 14 வயதில் எல்லை தாண்டிப் போய், ஸ்பெயினின் ரியல் சோசியதாத் கிளப்பில் சேர்ந்தார். 2018 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் குரோஷியாவை பிரான்ஸ் 4-2 என்று வென்றபோது, அதில் ஒரு கோல் கிரீஸ்மனுடையது.

அவரை அனுப்பியவர்கள் ஆட்டம் தெரியாதவர்கள் இல்லை. அவர்கள் பார்த்தது உயரத்தையும் பிறந்த தேதியையும் மட்டும்தான். ஓர் உடல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பிறந்த தேதி சொல்லாது. அதைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் அளக்க வேண்டும். அதுவும் ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப. இதைச் செய்த முதல் ஆட்களில் ஒருவரும் பிரான்சுக்காரர்தான். பெயர் பிலிபெர் கெனோ டி மோம்பெயார். 1759இல் அவருக்கு மகன் பிறந்தான். ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவனை நிறுத்தி வைத்து உயரத்தைக் குறித்தார். ஓரிரு ஆண்டில் சலித்துப்போய் விடவில்லை. 1777 வரை, மகனுக்கு 18 வயதாகும் வரை அளந்தார். அவருடைய நண்பரும் புகழ்பெற்ற இயற்கையியலாளருமான புஃபோன் அந்த எண்களை அச்சிட்டார். 200 ஆண்டு கடந்தும் அந்த அப்பாவின் கணக்கை வளர்ச்சி பற்றிய பாடநூல்களில் காணலாம்.

அந்தக் கணக்கை வரைபடமாகப் போட்டால், வளர்ச்சி எப்போதும் ஒரே சீராகப் போவதில்லை என்பது கண்ணுக்குத் தெரியும். பிறந்த முதல் ஆண்டில் ஒரு குழந்தை ஏறக்குறைய 25 செ.மீ. வளர்ந்துவிடும். பிறகு வேகம் குறைந்துகொண்டே வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆண்டுக்கு 5, 6 செ.மீ. வளர்வார்கள். அப்புறம் திடீரென்று ஒரு பாய்ச்சல். பெண்களுக்குச் சராசரியாக 12 வயதை ஒட்டியும், ஆண்களுக்கு 14 வயதை ஒட்டியும் அது உச்சத்தைத் தொடும். அந்த ஓராண்டில் மட்டும் பையன்கள் 9, 10 செ.மீ. கூட வளர்வதுண்டு. ஆனால் 12, 14 என்பதெல்லாம் சராசரிதான். ஒருவனுக்கு 12லேயே பாய்ச்சல் வரும், இன்னொருவனுக்கு 16 ஆகும். இரண்டும் இயல்பான வளர்ச்சிதான்.

இந்தப் பாய்ச்சல் உடம்பில் எங்கே நடக்கிறது? உங்கள் முழங்காலைத் தொட்டுப் பாருங்கள். அதற்குச் சற்று மேலே தொடை எலும்பின் அடிப்பகுதியிலும், சற்றுக் கீழே கால் எலும்பின் தலைப்பகுதியிலும் சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு குருத்தெலும்புத் தட்டு இருக்கிறது. வளர்ச்சித் தட்டு என்பார்கள். நீண்ட எலும்புகள் எல்லாவற்றுக்கும் முனையில் இது உண்டு. காலின் வளர்ச்சியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முழங்காலைச் சுற்றியுள்ள இந்த இரண்டு தட்டுகளில்தான் நடக்கிறது. தட்டுக்குள் இருக்கும் செல்கள் பிரிந்து பெருகி, ஒன்றன்மேல் ஒன்றாகக் காசுகளை அடுக்கியதுபோல் வரிசை கட்டும். வரிசையின் ஒரு முனையில் உள்ள செல்கள் ஊதிப் பெருக்கும். அவை இருந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்து படிந்து எலும்பாக மாறும். எலும்பு அந்த அளவுக்கு நீளும். மறுமுனையில் புதிய செல்கள் வந்துகொண்டே இருக்கும்.

இதை முடுக்கிவிடுவது, மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி. பட்டாணி அளவுதான் இருக்கும். அது சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு வெளிவருவது ஆழ்ந்த தூக்கத்தில்! பருவமடையும்போது பாலின ஹார்மோன்களும் சேர்ந்துகொள்ளும். வேகம் கூடும். அதே ஹார்மோன்கள்தான் கடைசியில் தட்டை மூடவும் செய்கின்றன. குறிப்பாக ஈஸ்ட்ரோஜன். அது பெண்களுக்கு மட்டும் உரியது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆண்களின் உடலிலும் சிறிதளவு உண்டு, அவர்களின் தட்டையும் மூடுவது அதுதான். தட்டு முழுக்க எலும்பாகிவிட்டால் உயரம் அத்தோடு நின்றுவிடும்.

மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால், திறந்திருக்கும் தட்டு எலும்புக்குக் குறுக்கே ஒரு கருங்கோடாகத் தெரியும். அதையும் பக்கத்துச் சிறு எலும்புகளின் வடிவத்தையும் வைத்து, இந்த எலும்புக்கு இத்தனை வயது என்று மருத்துவர்கள் கணிப்பார்கள். 13 வயதுப் பையன்கள் ஆடும் ஒரே அணியில் ஒருவனின் எலும்பு வயது 11 ஆகவும், இன்னொருவனுடையது 15 ஆகவும் இருக்க முடியும். நாம் பார்த்த அணிப் படத்தின் புதிருக்கு விடை இதுதான். பின்வரிசைக்காரன் முன்னதாகப் புறப்பட்டவன், அதனால் முன்னதாகவே நின்றும்விடுவான். தாமதமாகப் புறப்படுகிறவன், மற்றவன் நின்ற பிறகும் வளர்ந்துகொண்டிருப்பான். இருபது வயதில் இருவரும் ஒரே உயரத்தில் நின்றாலும் வியப்பில்லை.

பாய்ச்சல் வரும்போது உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் நீள்வதில்லை. பாதமும் கையும் முதலில், அடுத்து கால்கள், கடைசியில்தான் முதுகு. அந்தச் சில மாதங்களில் கால் நீண்டிருக்கும், அதை ஆளும் தசை இன்னும் பலம் பெற்றிருக்காது. போன மாதம் வரை பந்தை வருடிக்கொண்டு போனவன் இந்த மாதம் தன் காலிலேயே தடுக்கி விழுவான். குறி தவறும். "விளையாட்டே மறந்துபோச்சா?" என்று அவனைக் கேட்காதீர்கள்! மூளை, புதிய நீளத்துக்குத் தன் கணக்கைத் திருத்திக்கொண்டிருக்கிறது. அதற்கு அவகாசம் வேண்டும்.

எலும்பிலும் இதே பிரச்சினைதான். நீளம் முதலில் வந்துவிடும், கால்சியம் சேர்ந்து கெட்டிப்படுவது அரை ஆண்டு, ஓராண்டு கழித்துத்தான். பாய்ச்சல் வயதில் பிள்ளைகளுக்குக் கை எலும்பு முறிவு கூடுவதற்கு இது ஒரு காரணம்.

முழங்கால் சில்லுக்குக் கீழே, கால் எலும்பின் முன்பக்கத்தில் ஒரு சிறு மேடு இருக்கும், தடவிப் பாருங்கள். தொடையின் முன்பக்கத் தசை முழுவதும் ஒரு தடித்த தசைநாணாகி அந்த மேட்டில்தான் வந்து பிடித்துக்கொள்கிறது. பந்தை உதைக்கும்போதும், குதிக்கும்போதும், ஓடி நிற்கும்போதும் அந்த நாண் மேட்டை இழுக்கும். பெரியவர்களுக்கு அங்கே கெட்டியான எலும்பு இருப்பதால் தாங்கும். உங்களுக்கோ அது இன்னும் பாதி குருத்தெலும்பு. ஆயிரக்கணக்கான முறை இழுபட்டால் புண்ணாகி, வீங்கி, முட்டி போட்டு உட்காரவே முடியாமல் வலிக்கும். 1903இல் அமெரிக்காவின் ஆஸ்குட், ஸ்விட்சர்லாந்தின் ஷ்லாட்டர் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியாக இதை விவரித்தார்கள். இருவர் பெயரிலும்தான் இந்த வலி இன்றும் அழைக்கப்படுகிறது. குதிகாலில் வரும் இதே வகை வலிக்கு செவர் என்ற மருத்துவரின் பெயர். ஓய்வு கொடுத்து, பயிற்சியைக் குறைத்தால் பெரும்பாலும் தானே தணியும், வளர்ச்சி முடியும்போது போய்விடும். அணியில் இடம் போய்விடுமோ என்று பயந்து பல பிள்ளைகள் வலியை மறைக்கிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள், பயிற்சியாளரிடம் சொல்லுங்கள்.

இதையெல்லாம் அறிந்துகொண்ட கிளப்புகள் இப்போது மோம்பெயார் செய்ததையே செய்கின்றன. இங்கிலாந்தின் கால்பந்து அகாடமிகளில் சில மாதங்களுக்கு ஒருமுறை பிள்ளைகளை அளக்கிறார்கள். ஷூ, சாக்ஸ் இல்லாமல், குதிகால் சுவரை ஒட்ட, பார்வை நேராக. நிற்கும் உயரம் ஒன்று. பெட்டி மேல் உட்கார வைத்து எடுக்கும் உயரம் ஒன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் காலின் நீளம். கால் வேகமாக நீள்கிறது, முதுகு இன்னும் நீளவில்லை என்றால் பாய்ச்சல் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பிள்ளைக்குக் குதிப்பதையும் முழுவேக ஓட்டத்தையும் குறைத்து, சமநிலைப் பயிற்சியைக் கூட்டுவார்கள்.

அடுத்து, இவன் பெரியவனானால் எவ்வளவு உயரம் இருப்பான் என்று மதிப்பிடுகிறார்கள். எக்ஸ்ரே இல்லாமலே இதைச் செய்ய ஒரு முறை உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த காமிஸ், ரோச் இருவரும் 1994இல் வெளியிட்டது. பையனின் வயது, உயரம், எடை, அப்பா அம்மாவின் உயரம் ஆகியவற்றைப் போட்டால் விடை வரும். சில செ.மீ. முன்பின் தவறலாம், மதிப்பீடுதானே.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 13 வயதுப் பையன் ஒருவனின் உயரம் 150 செ.மீ. பெரியவனானால் 176 செ.மீ. இருப்பான் என்பது மதிப்பீடு. 150ஐ 176ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 85. தன் முழு உயரத்தில் 85 சதவீதத்தை அவன் எட்டிவிட்டான். அதே 13 வயதில் இன்னொருவன் 164 செ.மீ., மதிப்பீடு 174. இவன் 94 சதவீதத்தைத் தாண்டிவிட்டான்! மூன்றாவது பையனுக்கு வயது 11தான், உயரம் 152, மதிப்பீடு 178. இவனும் 85 சதவீதம். உடம்பின் கணக்கில் 11 வயதுக்காரனும் முதல் 13 வயதுக்காரனும் ஒரே கட்டத்தில் இருக்கிறார்கள்.

அப்படியானால் இவ்விருவரையும் சேர்த்து ஆடவிட்டால் என்ன? பாத் பல்கலைக்கழகத்தின் ஷான் கம்மிங்கும் பிரீமியர் லீக்கும் சேர்ந்து அதைச் செய்து பார்த்தார்கள். சதாம்ப்டன், ஸ்டோக் சிட்டி, ரெடிங், நார்விச் ஆகிய நான்கு கிளப்புகளிலிருந்து, வயது 11 முதல் 14 வரை எதுவானாலும் சரி, முழு உயரத்தில் 85 முதல் 90 சதவீதம் எட்டியவர்களை மட்டும் சேர்த்துப் போட்டி நடத்தினார்கள். பிறகு பிள்ளைகளிடமே கேட்டார்கள். சீக்கிரம் வளர்ந்தவர்கள், ஆட்டம் கடினமாகிவிட்டது என்றார்கள். இடித்துத் தள்ளி ஜெயிக்க முடியவில்லை, யோசித்துப் பாஸ் கொடுக்க வேண்டியிருந்தது. தாமதமாக வளர்பவர்களுக்கோ, தங்கள் வித்தையைக் காட்டவும் அணியை நடத்தவும் வாய்ப்புக் கிடைத்தது. இரு தரப்புக்குமே இது நல்லது என்பது என் எண்ணம். உடல் பலத்தை மட்டும் நம்பி வளர்ந்த பெரிய பையனை, மற்றவர்கள் எட்டிப் பிடிக்கும் நாளில் காப்பாற்ற வேறு திறமை எதுவும் இருக்காது. பெல்ஜியம் இன்னொரு வழியில் போனது. தாமதமாக வளரும் பிள்ளைகளுக்கென்றே தனி தேசிய அணிகளை அமைத்து, அவர்கள் கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டது.

இந்த இடத்தில் உங்களில் பலர் மெஸ்ஸியை நினைத்திருப்பீர்கள். அவர் கதை வேறு. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் சிறுவனாக இருந்தபோது, அவர் உடலில் வளர்ச்சி ஹார்மோன் போதிய அளவு சுரக்கவில்லை என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அது ஒரு குறைபாடு. அதற்கு மருந்து அந்த ஹார்மோனையே ஊசியாகப் போடுவது. தன் காலில் ஊசி போட்டுக்கொண்டே வளர்ந்தார் அந்தப் பையன். சிகிச்சைச் செலவை ஏற்க பார்சிலோனா கிளப் முன்வந்தது. 2000ஆம் ஆண்டு, 13 வயதில் அங்கே போனார். இன்று அவர் உயரம் 170 செ.மீ. தாமதமாக வளர்வது நோய் இல்லை, அதற்கு ஊசியும் வேண்டாம். இரண்டில் எது என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

உயரம் கூட்டுவதாக விளம்பரம் செய்யும் பொடிகளை வாங்கித் தரச் சொல்லி வீட்டில் அடம்பிடிக்காதீர்கள். மூடிய தட்டை எந்தப் பொடியாலும் திறக்க முடியாது. திறந்திருக்கும் தட்டுக்கு வேண்டியவை வயிறு நிறையச் சத்தான சாப்பாடு, வெயில்பட விளையாட்டு, பதின்ம வயதில் இரவு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம்.

உங்கள் பாய்ச்சலை நீங்களே கண்டுபிடிக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலையில் எழுந்தவுடன் சுவரோடு நின்று கோடு போடச் சொல்லுங்கள். மாலையில் அளந்தால் முதுகெலும்பின் வட்டுகள் பகல் முழுக்க அமுங்கி, ஒரு செ.மீ. வரை குறைத்துக் காட்டும். கோட்டுக்குப் பக்கத்தில் தேதியை எழுதுங்கள். தரையில் உட்கார்ந்து இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி சட்டென்று அகன்றால் கால் நீள்கிறது, கொஞ்ச காலம் முழங்காலைக் கவனித்து ஆடுங்கள். அதே நாளில் விளையாட்டு ஷூவுக்குள் கட்டைவிரல் முட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், எல்லாவற்றுக்கும் முன்னால் நீள்வது பாதம்தான்.