தரையில் வார்த்துக் கூரையில் ஏற்றுவோம்

வீடு கட்டும் குடும்பத்தைக் கலங்க வைக்கும் கட்டம் கூரைதான். சென்ட்ரிங் பலகைக்கும் முட்டுக்கும் வாடகை, ஆட்களுக்குக் கூலி என்று கையிருப்பு கரைந்துவிடுகிறது. கூரையேறாமல் மழையில் நனைந்து நிற்கும் சுவர்களை நாம் கிராமங்களில் காண்கிறோம். 2016 முதல் நடைபெற்று வரும் பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டத்தில், வேலை முடிந்த அளவுக்கேற்பவே தவணைப் பணம் கிடைக்கிறது. ஆகவே கூரை தாமதித்தால் பணமும் தாமதிக்கும்.

இதற்கு நல்லதோர் உபாயம், கூரை உறுப்புகளை முன்னதாகவே தரையில் வார்த்து வைத்துக்கொள்வதாகும். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த முறையில் உறுப்புகள் இரண்டே: உத்தரமும் பலகையும். பலகை 30 செ.மீ. அகலமும், அதிக அளவாக 1.5 மீட்டர் நீளமும் உடையது. அதன் முழுக் கனம் 6 செ.மீ.; சில பகுதிகளில் அது 3 செ.மீ. ஆகக் குறைக்கப்பட்டிருக்கும். இரண்டு ஆட்கள் தூக்கி ஏற்றிவிடலாம். சுவர்மீது உத்தரங்களை வைத்து, அவற்றின்மேல் பலகைகளை அடுக்கி, இணைப்புகளில் கம்பியிட்டுக் கான்கிரீட் நிரப்பினால் எல்லாம் ஒன்றாக இறுகிவிடும். கூரை முழுவதற்கும் சென்ட்ரிங் தேவையில்லை. உத்தரங்களுக்கு வேண்டிய இடத்தில் முட்டுக் கொடுத்தால் போதும்.

அஸ்திவார வேலை நடக்கும்போதே பலகைகளை வார்க்கத் தொடங்கலாம். கதவு, ஜன்னல் நிலைகளையும் இவ்வாறே வார்க்கலாம். அவற்றைக் கரையான் அரிக்காது.

"ஒட்டுப் போட்ட கூரை ஒழுகாதா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வியே. இணைப்புக் கான்கிரீட்டில் சிக்கனம் பார்த்தால் ஒழுகத்தான் செய்யும். வார்த்த உறுப்புகளைக் குறைந்தது இரண்டு வாரம் நீரில் ஊறவைத்தோ, ஈரச்சாக்கு போர்த்தியோ பதப்படுத்த வேண்டும். பலகையின் மேற்புறத்தில் அடையாளமிட வேண்டும். தலைகீழாக வைத்தால் கம்பி மேலே போய்விடும், பலகை பாரம் தாங்காது. இந்திய தர நிர்ணய அமைவனம் 1994-இல் இவ்வுறுப்புகளுக்குத் தர விதிகளை வெளியிட்டுள்ளது. அவற்றின்படி அமைந்த வரைபடத்தை ஒன்றியப் பொறியாளரிடம் பெற்ற பின்னரே வேலையைத் தொடங்குதல் நலம்.

செலவு குறைவதைவிடப் பெரிய நன்மை ஒன்று இம்முறையில் உண்டு. மேலே வார்த்த கூரையின் குறை, சென்ட்ரிங் பிரித்த பின்னரே தெரியும். தரையில் வார்த்த பலகையில் விரிசலோ, வெளியே தெரியும் கம்பியோ இருந்தால் வீட்டுக்காரரே கண்டு ஒதுக்கிவிடலாம். வாழ்நாளில் ஒருமுறை கட்டும் வீட்டில், குறையுள்ள பலகை ஒன்றையும் தலைக்கு மேல் ஏற்றாதிருப்போமாக.