காண்ட்ராக்டர் ஆக எந்தப் படிப்பு?

பட்டம் இல்லாமல் காண்ட்ராக்டர் ஆக முடியாதா? முடியும். கொத்தனாராகத் தொடங்கி மேஸ்திரியாகி, இன்று நாலு இடத்தில் வேலை நடத்துகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வீடு கட்டக் கொடுப்பவர் உங்களிடம் சான்றிதழ் கேட்கப் போவதில்லை. அனுமதிக்குப் போகும் பிளானில் கையெழுத்திட மட்டும் பதிவு பெற்ற இன்ஜினியரைத் தேட வேண்டியிருக்கும்.

அப்படியென்றால் படிப்பு எதற்கு? ரேட் சொல்வதற்கு. கம்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 எம்.எம். கம்பி மீட்டருக்குச் சுமார் 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.67 கிலோ. டிராயிங்கைப் பார்த்து இந்தக் கணக்கைப் போடுகிறவர், எஸ்டிமேட் (செலவு மதிப்பீடு) கொடுக்கும்போதே கம்பிக்கு என்ன ஆகும் என்று தெரிந்து கொடுப்பார். பக்கத்துத் தெருவில் சொன்ன சதுர அடி ரேட்டையே தானும் சொன்னவர், ரூஃப் கம்பி வாங்கும் அன்று முழிப்பார்.

டிப்ளமோவா, பி.இ. சிவிலா? சொந்தமாகத் தொழில் செய்வதுதான் குறி என்றால் நான் டிப்ளமோவைச் சொல்வேன். வருடம் வீணாகுமே என்று பயப்பட வேண்டாம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு டிப்ளமோ 3 வருடம். அதை முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் (லேட்டரல் என்ட்ரி என்பார்கள்). அது இன்னும் 3 வருடம். பிளஸ் டூ வழியாகப் போனாலும் 2, பிறகு 4, ஆக அதே 6 வருடம்தான். டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தோன்றினால், பத்தொன்பது வயதில் சைட்டில் நிற்பீர்கள்.

அரசு வேலைகளை எடுக்க நினைத்தால் பி.இ. கைகொடுக்கும். வேலையின் மதிப்பு கூடக் கூட, பட்டதாரி இன்ஜினியர் சைட்டில் இருக்க வேண்டும் என்று டெண்டர் நிபந்தனைகள் கேட்கும். பெரிய நிறுவனத்தில் சில வருடம் சைட் இன்ஜினியராக இருந்து தொழில் பழகவும் அதுவே வழி.

பி.ஆர்க்.? 5 வருடம். வடிவமைக்க ஆசை இருந்தால் போங்கள். காண்ட்ராக்டுக்கு அது சுற்று வழி.

பி.காம். படித்தால் வீணா? அப்பா ஏற்கெனவே இந்தத் தொழிலில் இருந்து, சைட்டிலேயே வளர்ந்த பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான படிப்பு இல்லை. ஏனென்றால் இந்தத் தொழிலில் ஆள் விழுவது பெரும்பாலும் பணப் புழக்கத்தில்தான். டெண்டர் போடும்போதே ஈ.எம்.டி. (முன்கூட்டிக் கட்டும் பிணைத் தொகை) முடங்கும். வேலை முடிந்து, அளந்து, எம்.புக்கில் (அளவுப் புத்தகம்) பதிந்த பிறகே பில். அந்தப் பில்லிலும் வருமான வரிக்கென்று டி.டி.எஸ். பிடிப்பார்கள், தனி நபருக்கு 1 சதவீதம். பழுது வந்தால் சரிசெய்ய என்று ஒரு பங்கை நிறுத்தியும் வைப்பார்கள். கூலியோ சனிக்கிழமை வந்தால் கொடுத்தே ஆக வேண்டும், பில் பாஸானாலும் ஆகாவிட்டாலும். சிவில் படிக்கிறவர்களும் ஜி.எஸ்.டி., வங்கிக் கணக்கு இரண்டையும் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் விடுமுறையில் உட்கார்ந்தாவது பழகிக்கொள்வது நல்லது.

எந்தக் கல்லூரி? கட்டடத்தின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். கடைசி வருட மாணவர் ஒருவரைப் பிடித்து, "ஒரு முழு வீட்டுக்கு எஸ்டிமேட் போட்டிருக்கியா? டோட்டல் ஸ்டேஷனை (நில அளவைக் கருவி) நீயே வைத்து அளந்திருக்கியா?" என்று கேளுங்கள். பதில் முகத்திலேயே தெரியும்.

நன்கொடை கொடுத்தாவது சேர்க்கலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். வேண்டாம். கம்ப்யூட்டர் பிரிவுக்கு இருக்கும் அடிதடி சிவிலுக்கு இல்லை. கலந்தாய்விலேயே இடம் கிடைக்க நல்ல வாய்ப்புண்டு. அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வையுங்கள். பிள்ளை முதல் வேலை எடுக்கும்போது சென்ட்ரிங் வாடகைக்கும் முதல் மாதக் கூலிக்கும் வட்டிக்கு வாங்க வேண்டியிருக்காது.