ஜிப்புக்குள்ள இருந்தா பைத்தான் ஏன் மெதுவா வருது?

நம்ம லேப்ல ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேர். பீரியட் 40 நிமிஷம். புரோகிராம் திறக்கவே நேரம் போனா கடைசி ஆளுக்கு முறையே வராது. அதான் இதை எழுதுறேன்.

பைத்தானில் நாம எழுதுற மாட்யூல் ஊறவைத்த அரிசி உளுந்து மாதிரி. அதை பைட்கோடு என்ற மாவாக அரைத்த பிறகுதான் ஓட்டும். சாதாரண ஃபோல்டரில் இருந்தால், முதல் இம்போர்ட்டிலேயே அரைத்து, மாவை பி.ஒய்.சி. என்ற கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளும். மறுநாள் அரைக்கிற வேலை மிச்சம்.

2003-ல் வந்த பைத்தான் 2.3 முதல், ஜிப் கோப்புக்குள் இருக்கும் மாட்யூலையும் பிரிக்காமலே இம்போர்ட் செய்யலாம். ஆனா ஜிப்புக்குள் பைத்தான் எதையும் எழுதி வைக்காது. உள்ளே வெறும் அரிசிதான் இருக்குன்னா, ஓட்டும்போதெல்லாம் புதுசா அரைக்கணும்! சுருக்கியதை விரிக்கிற வேலை வேற.

வழி இருக்கு. ஜிப் கட்டும் முன்பே அரைத்து, பி.ஒய்.சி. கோப்பையும் உள்ளே போடணும். தனி ஃபோல்டரில் ஒளிச்சு வைக்காதீங்க, மாட்யூலுக்குப் பக்கத்திலேயே வைக்கணும். ஓட்டப்போற அதே பைத்தான் பதிப்பில் அரைக்கணும். வேற பதிப்பு மாவை அது தொடவே தொடாது!