கொடுத்தவரின் ஃபைல் எங்கே?

சிறுநீரக மாற்று அறுவை முடிந்து ஆள் வீடு திரும்பிவிட்டால், முதல் மூன்று மாதங்களுக்கு வீடே ஒரு வார்டுதான். புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரைக்குக் காலை ஒன்பது, இரவு ஒன்பது என்று அலாரம். ரத்தத்தில் அந்த மருந்தின் ‘லெவல்’ பார்க்கப் போகும் நாளில் மட்டும் காலை மாத்திரையைக் கையோடு எடுத்துப்போய், ரத்தம் கொடுத்த பிறகே விழுங்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீர், தோல் உரித்த பழம். பச்சை வெங்காயம் போட்ட தயிர்ப்பச்சடி கிடையாது. பம்பளிமாஸ் கூடவே கூடாது. ரத்தத்தில் மருந்தின் அளவை அது ஏற்றிவிடும். கல்யாணம், திருவிழா எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம் குடும்பங்கள் இவற்றைப் பிசகாமல் செய்கின்றன. செய்வது யார் என்று பார்த்தால்தான் மனம் கனக்கிறது. பல வீடுகளில் அது மனைவி அல்லது அம்மா. தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, காயம் முழுக்க ஆறுமுன்பே அடுப்படிக்குத் திரும்பியவர்.

இந்தியாவில் உயிரோடிருந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்று நெருங்கிய உறவுகளை வரையறுத்தது. 2011-இல் வந்த திருத்தம் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகளையும் சேர்த்தது. பட்டியல் நீண்டாலும், “நீ கொடுக்கிறாயா?” என்ற கேள்வி வீட்டில் யார் பக்கம் திரும்பும் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்பால் கொடுத்ததற்குக் கணக்குப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அந்த அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. கொடுத்த பிறகு அவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதே என் கவலை.

ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது என்று அவரிடமும் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். தண்ணீர்க் குடத்தையும் கேஸ் சிலிண்டரையும் அந்த ஆறு வாரம் யார் தூக்குவது என்று வீட்டில் ஏற்பாடு செய்வதில்லை. மறுபரிசோதனைக்குப் போகும்போது அவர் துணைக்கு வந்தவர். மடியில் இருப்பது கணவரின் தடித்த ஃபைல். “கிரியாட்டினின் எவ்வளவு?” என்று உறவுகள் போனில் விசாரிப்பதும் கணவருடையதைத்தான்.

நல்ல ஆரோக்கியம் உள்ளவரைத்தானே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதும் உண்மை. கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கிறார்கள். மிஞ்சிய சிறுநீரகம் கொஞ்சம் பெருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தானே செய்யப் பழகிவிடுகிறது. ஆனால் அது ஒன்றுதான் இருக்கிறது. ஆண்டுக்கொரு முறையாவது ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்த்தாக வேண்டும். இடுப்பு வலி என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் வாங்கி விழுங்கக் கூடாது. நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்ணின் கை முதலில் போவது அந்த மாத்திரைக்குத்தான். இது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

இளம் மனைவி என்றால் இன்னொன்றும் உண்டு. கனடாவில் செய்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், சிறுநீரகம் கொடுத்த பெண்களின் கர்ப்பங்களில் 11 சதவீதத்தில் ரத்த அழுத்தச் சிக்கல் வந்தது. கொடுக்காத பெண்களில் அது 5 சதவீதம். தாயும் சேயும் பெரும்பாலும் நலமாகவே இருந்தார்கள். ஆனால் பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டிய செய்தி இது. சொல்லாமல் மறைக்கும் மாமியார் வீடுகள் உண்டு.

மாற்றுச் சிறுநீரகம் ஆயுளுக்கும் உழைக்கும் என்று சொல்ல முடியாது. சில ஆண்டுகள் கழித்து அது பழுதாகி, கணவர் மறுபடி டயாலிசிஸுக்குப் போகும்போது, தான் கொடுத்ததில்தான் குறையோ என்று மனைவி உள்ளுக்குள் குமைகிறார். அவரை உட்காரவைத்துப் பேசச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு தந்தவர்களுக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு என்று 2023-இல் தமிழ்நாட்டில் அறிவித்தார்கள். மிக நல்ல காரியம். அதேபோல் உயிரோடிருந்து கொடுத்தவருக்கு, டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே மருத்துவமனையில் அவர் பெயரில் தனி ஃபைலும் அடுத்து வரவேண்டிய தேதியும் எழுதித் தரட்டும். வீட்டில் அதற்குக் காத்திருக்க வேண்டாம். கணவருக்காக வாங்கிய பி.பி. மெஷினை வாரம் ஒருமுறை அவர் கையிலும் கட்டிப் பார்த்து, அதே நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது அவருக்கும் ஓர் ஓ.பி. சீட்டு போடுங்கள்.