பாக்கெட்டுக்கு ஏற்ற கேமரா: ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கலாமா?

"நல்ல கேமரா ஒண்ணு வாங்கணும்டா" என்று ஹாஸ்டலில் சொல்லாத ஆள் கிடையாது. கடையில் விலையைக் கேட்டதும் அந்த ஆசை வந்த வழியே திரும்பிப் போய்விடும். போனில் படம் எடுக்கலாம், எடுத்துக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் போன் எல்லா முடிவையும் அதுவே எடுத்துக்கொள்கிறது. ஃபோகஸ், ஷட்டர், அபர்ச்சர் மூன்றையும் நம் விரலாலேயே திருப்பிக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு, சாதாரண போன் விலைக்குள் ஒரு வழி இருக்கிறது. பழைய பிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா.

அது என்ன ரேஞ்ச்ஃபைண்டர்? எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் வழியாக வரும் காட்சியை ஒரு கண்ணாடி மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும். ஷட்டரை அழுத்தினால் அந்தக் கண்ணாடி 'டடக்' என்று எழும்பி விழும். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தக் கண்ணாடியே இல்லை. கேமராவின் முகத்தில் சில செ.மீ. தள்ளித் தள்ளி இரண்டு சன்னல்கள் இருக்கும். இரண்டிலும் தெரியும் காட்சியை ஒன்றின் மேல் ஒன்றாகப் பார்க்கிறோம். ஃபோகஸ் சரியில்லை என்றால் நடுவில் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் சரி. அவ்வளவுதான்!

சர்வே பாடம் படித்த சிவில் நண்பர்களுக்கு இது புதிதல்ல. சுத்தமான முக்கோணக் கணக்கு. சன்னல்களின் இடைவெளி 67 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டரில் நிற்கும் ஆளுக்கு இரண்டு பார்வைக்கும் இடையே உள்ள கோணம் சுமார் 3.8 டிகிரி. பத்து மீட்டரில் அதுவே 0.38 டிகிரி. அதனால்தான் இடைவெளி அகலமாக இருந்தால் துல்லியம் கூடும். சோவியத் 'கியெவ்' கேமராவில் இது 90 மி.மீ. வரை உண்டு.

இந்த ஜாதிக்கு ராஜா ஜெர்மனியின் லைக்கா. பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் லைக்காவோடுதான் இந்தியா முழுக்கச் சுற்றினார். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலை ஆசிரமத்தில் இருந்து படமெடுத்தார். அதே மாதம் புதுச்சேரியில் அரவிந்தரை எடுத்தார். இரண்டும் நம் விருத்தாசலத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊர்கள்! பெரிய பெட்டி, பெரிய சத்தம் என்று போயிருந்தால் அந்த அமைதியான இடங்களில் காரியம் நடந்திருக்குமா?

லைக்கா நமக்கு ஆகாது. 2022-ல் மறுபடி வந்த எம்6 மாடலின் விலை பல லட்சம். அந்தப் பக்கம் பார்க்கவே வேண்டாம். மாற்று இரண்டு இடங்களிலிருந்து வருகிறது.

முதலில் சோவியத் பக்கம். இந்தக் கதை டிப்ளமோ மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. உக்ரைனின் கார்கிவ் நகரில், வீடில்லாத பிள்ளைகளுக்காக மகரென்கோ என்ற கல்வியாளர் பொறுப்பில் ஒரு விடுதி நடந்தது. பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் பட்டறை. அந்தப் பையன்களும் பெண்களும் முதலில் மின்சார டிரில் செய்தார்கள். பிறகு 1934-ல் லைக்காவைப் பார்த்து அப்படியே ஒரு கேமரா செய்யத் தொடங்கினார்கள். பெயர் 'ஃபெட்'. நம் வயதுப் பசங்க லேத்திலும் மில்லிங் மெஷினிலும் நின்று செய்த கேமரா! 1948-ல் மாஸ்கோ பக்கத்துக் கிராஸ்னகோர்ஸ்க் ஆலையிலிருந்து 'ஸோர்க்கி' வந்தது. இரண்டிலும் பழைய லைக்காவின் அதே 39 மி.மீ. திருகுதான், லென்ஸை மாற்றி மாட்டலாம். பேட்டரியே வேண்டாம், முழுக்க இயந்திரம். திறந்து பார்க்க, ரிப்பேர் கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த கேமரா இல்லை என்பேன்.

ஆனால் ஒன்று. ஸோர்க்கி-4-ல் முதலில் பிலிமைச் சுற்றி ஷட்டரை ஏற்றிவிட்டு, அப்புறம்தான் ஸ்பீடை மாற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் உள்ளே பழுதாகும். வாங்கும்போதே யாரும் சொல்லமாட்டார்கள். கண்ணாடி போட்டவர்களுக்கு வியூஃபைண்டரின் உலோக வளையம் மூக்குக் கண்ணாடியைக் கீறும். ஒரு துண்டு ரப்பர் ஒட்டிக்கொள்ளுங்கள். தங்க முலாம் பூசி 'லைக்கா' என்று பொறித்து விற்பதெல்லாம் பெரும்பாலும் ஃபெட், ஸோர்க்கியின் மாறுவேடம்!

ஃபெட்டில் வரும் 'இண்டஸ்டார்-61' லென்ஸில் நமக்குச் சம்பந்தமுள்ள ஒரு விஷயம் இருக்கிறது. அதன் கண்ணாடியில் லாந்தனம் ஆக்சைடு கலந்திருக்கிறது. லாந்தனம் சேர்த்தால் ஒளிவிலகல் எண் உயரும். நிறப்பிரிகை அந்த அளவுக்கு ஏறாது. கிளேஸ் கலவையில் நாம் செய்யும் அதே மாதிரி வேலைதான். லாந்தனம் எங்கே கிடைக்கிறது? நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரை மோனசைட் மணலிலும் இருக்கிறது.

அடுத்து ஜப்பான். 1966-ல் வந்த யாஷிகா எலக்ட்ரோ 35, 1972-ல் வந்த கேனன் கேனோநெட் கியூ.எல்.17 ஜி-3. இவற்றில் லென்ஸைக் கழற்ற முடியாது, ஆனால் எஃப்/1.7 என்ற அகலமான கண். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் சத்தம் 'கிளிக்' கூட இல்லை, 'ச்' மட்டும். கேனோநெட்டில் எந்த ஸ்பீடிலும் ஃபிளாஷ் வேலை செய்யும்.

யாஷிகா பற்றி ஒரு கொசுறு: அந்தக் கம்பெனியை 1983-ல் வாங்கியது கியோசெரா. பெயரை விரித்தால் கியோட்டோ செராமிக்! பீங்கான் பாகம் செய்தே வளர்ந்தவர்கள், பிறகு 1990-ல் காண்டாக்ஸ் டி2 கேமராவில் பிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் தகட்டைச் செராமிக்கில் செய்தார்கள். 2005-ல் கேமரா தொழிலை விட்டுவிட்டார்கள். செராமிக் படித்தால் டைல்ஸ் கம்பெனிதான் என்று சொல்கிற சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லலாம்.

பெயரில் ஏமாறக் கூடாது. வீட்டுப் பரணில் கிடக்கும் யாஷிகா எம்.எஃப்-2, ஹாட் ஷாட், அக்ஃபா கிளிக்-3 எல்லாம் ரேஞ்ச்ஃபைண்டர் அல்ல. கண்ணை வைத்துப் பாருங்கள்: நடுவில் மஞ்சளாகவோ வெளுப்பாகவோ சின்னக் கட்டம் தெரிந்து, லென்ஸைத் திருப்பும்போது அதற்குள் உருவம் நகர்ந்தால்தான் அது ரேஞ்ச்ஃபைண்டர்.

வாங்குமுன் பார்க்க வேண்டியது. லென்ஸை முடிவிலிக் குறியில் வைத்து, தூரத்தில் தெரியும் கோபுரக் கலசத்தையோ நிலாவையோ பாருங்கள். உருவம் ஒன்றாகத் தெரிய வேண்டும். இரண்டாகத் தெரிந்தால் சீர் செய்யச் செலவாகும், அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். பின்கதவைத் திறந்து ஒவ்வொரு ஸ்பீடிலும் ஷட்டரைத் தட்டிப் பாருங்கள். ஃபெட், ஸோர்க்கியில் துணி ஷட்டர். லென்ஸைக் கழற்றி இருட்டில் டார்ச் அடித்தால் ஓட்டை இருந்தால் நட்சத்திரம் போலத் தெரியும். லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி இருந்தால் அது பூஞ்சை. நம் ஊர்க் காற்றில் அது சீக்கிரம் வரும். சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிவைத்துக் காப்பாற்றுங்கள். யாஷிகா எலக்ட்ரோவில் பிலிம் சுற்றும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அது வராவிட்டால் உள்ளே ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம்.

பேட்டரிச் சங்கடமும் உண்டு. ஜப்பான் கேமராக்கள் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. இப்போது அவை தயாரிப்பில் இல்லை. கேனோநெட்டுக்கு வேண்டியது 1.35 வோல்ட். சாதாரண 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் வெளிச்ச அளவு தப்பாகும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட், சமாளிக்கலாம். பேட்டரி இல்லாமலும் கேனோநெட் எல்லா ஸ்பீடிலும் ஓடும். யாஷிகா அப்படியல்ல, 1/500 மட்டும்தான். என்னைக் கேட்டால் கேனோநெட்டுக்கே ஓட்டு. காசு இன்னும் குறைவென்றால் ஸோர்க்கி-4. மீட்டர் இல்லாவிட்டால் என்ன? நல்ல வெயிலில் எஃப்/16 வைத்து, 400 பிலிமுக்கு 1/500 போடுங்கள். நம்மூர் வெயிலுக்குக் கணக்கு அநேகமாகத் தப்பாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேமராக்கள் 80 செ.மீ., ஒரு மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. புராஜெக்டுக்கு கிளேஸ் சாம்பிளைக் கிட்டத்தில் எடுக்கணும் என்றால் இது வேண்டாம், போனே போதும். மனிதர்களை எடுக்கத்தான் இது. அச்சில் ஸ்லிப் ஊற்றும் அக்கா, சூளையில் பொம்மை அடுக்கும் பெரியவர், மாசிமகக் கூட்டம். முகத்துக்கு நேரே பெரிய கேமரா நீட்டினால் வேலையை நிறுத்திவிட்டுச் சட்டையைச் சரிசெய்கிறவர்கள், இதைப் பொம்மை கேமரா என்று நினைத்து விட்டுவிடுவார்கள். கேட்டுவிட்டு எடுங்கள், பிரிண்ட் போட்டுக் கொடுங்கள்.

செலவு கேமராவில் இல்லை, பிலிமில். ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடிய பிறகு நம் 'இந்து' பிலிமும் இல்லை. கலரை மறந்துவிட்டுக் கறுப்பு வெள்ளைக்கு வாருங்கள். நாலு பேர் சேர்ந்து 30 மீட்டர் பெரிய சுருள் வாங்கினால், 36 படம் வீதம் சுமார் 18 ரோல் வெட்டிக்கொள்ளலாம். டெவலப்பரை நாமே கலக்கலாம். டி-76 சூத்திரம்: மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், மொத்தம் ஒரு லிட்டர் தண்ணீர். போராக்ஸ் நமக்குப் பழகிய சரக்குதான். கையுறை மட்டும் மறக்காதீர்கள், மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும். குறிப்பிட்ட நேரமெல்லாம் 20 டிகிரிக்கு எழுதியிருப்பார்கள். 20-ல் 10 நிமிஷம் என்றால் 24-ல் சுமார் 7 நிமிஷம். சித்திரை மாதம் குழாய்த் தண்ணீர் 30-ஐத் தாண்டும். அப்போது நேரம் 5 நிமிஷத்துக்கும் கீழே போய்ப் படம் திட்டுத்திட்டாக வரும். பக்கெட்டில் ஐஸ் போட்டு அதில் பாட்டிலை நிறுத்தி 24-க்கு இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.